மழை, புல், மேட்: கோலாலம்பூர் கிரிக்கெட் திடல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் வார இறுதி லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுவதும், ஆள் குறைந்தால் நடுவராக நிற்பதும்தான் பல வருடமாக என் ஞாயிற்றுக்கிழமை. மேசைக்குப் பின்னால் வந்து நிற்கும் அப்பாமார்கள், புதிதாக அணியில் சேர்ந்த பையன்கள், தோற்ற கேப்டன்கள் எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்ட வாக்கிலேயே இருக்கின்றன.

“அண்ணே, பிட்ச், கிரவுண்டு ரெண்டும் ஒண்ணுதானே? ஏன் பிரிச்சுப் பிரிச்சு பேசுறீங்க?”

ஒன்றல்ல. நடுவில் 22 கஜ நீளம், 10 அடி அகலத்தில் இருக்கிறதே, அந்தப் பட்டை மட்டும்தான் பிட்ச். மீட்டரில் சொன்னால் 20.12க்கு 3.05. அதைச் சுற்றியிருக்கும் புல்வெளி அவுட்ஃபீல்டு. பந்து குத்தியபின் எவ்வளவு எழும், திரும்பும், நின்று வரும் என்பது பிட்ச்சின் வேலை. அடித்த பந்து கோட்டைத் தாண்டுமா, பாதி வழியில் படுத்துக்கொள்ளுமா என்பது அவுட்ஃபீல்டின் வேலை.

டிவி வர்ணனையில் முக்கால்வாசி நேரம் பிட்ச்சைப் பற்றித்தான் பேசுவார்கள். நம் ஊரில் அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் கட்சி. முதலில் வானம், அடுத்து அவுட்ஃபீல்டு, கடைசியில்தான் பிட்ச். ஏன் என்பது கீழே வரும் பதில்களில் தெரியும்.

“கேப்டன்லாம் காலைல பிட்ச்ச சாவியால குத்திப் பாக்கிறாங்களே, அதுல என்ன தெரியும்?”

ஈரம் தெரியும். சாவி சுலபமாக இறங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் பந்து நின்று நின்று வரும், மட்டையை அவசரமாக வீசுகிறவன் கவர் திசையில் நிற்பவனிடம் கேட்ச் கொடுப்பான். சாவி இறங்காமல் தட்டினால் தளம் காய்ந்து இறுகியிருக்கிறது, பந்து மட்டைக்கு ஓடி வரும். சாவி வேண்டாம், கட்டைவிரலே போதும். அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்கிறதா என்று பாருங்கள்.

எட்டரை மணிக்கு நான் செய்வது வேறு. பழைய பந்து ஒன்றைப் பிட்ச் பக்கத்திலிருந்து கையாலேயே நாலு திசைக்கும் உருட்டி விடுவேன். ஒரு பக்கம் சரசரவென்று ஓடும். இன்னொரு பக்கம் பத்தடி போவதற்குள் பந்தின் மேல் தண்ணீர் மினுமினுக்கும், நின்றுவிடும். பெரும்பாலும் சாக்கடை ஓரம் இருக்கும் தாழ்வான பக்கம்தான் அது. அந்தப் பக்கம் தரையோடு அடித்தால் நாலு கிடைக்காது, இரண்டுதான். இதைத் தொடக்க ஆட்டக்காரனிடம் முன்கூட்டியே சொன்னால் பத்து ஓட்டமாவது மிச்சம்.

“மேட் விரிச்சு ஆடுறதெல்லாம் அசல் கிரிக்கெட்டா?”

இதைக் கேட்டவர் ஊரிலிருந்து வந்த ஒரு மாமா. அவருக்குச் சொன்னதையே சொல்கிறேன். 1997இல் உலகக் கோப்பைக்குத் தகுதிப் போட்டியான ஐசிசி கோப்பை இதே கோலாலம்பூரில் செயற்கைத் தளத்தில்தான் நடந்தது. இறுதியில் கென்யாவை வென்ற பங்களாதேஷ் அந்தக் கோப்பையிலிருந்துதான் 1999 உலகக் கோப்பைக்குப் போனது. அதற்கு மேல் என்ன அசல் வேண்டும்?

மேட் என்பது பிட்ச்சின் மேல் விரிக்கும் விரிப்பு. அதில் தந்திரம் வேறு, அவ்வளவுதான். அடியில் சிமெண்ட் தளம் இருந்தால் பந்து ஒரே சீராக, உயரமாக எழும். கட், புல் ஷாட் அடிக்கத் தெரிந்தவனுக்கு விருந்து. முன்காலை நீட்டியே பழகியவனுக்கு விரல் வீங்கும். ஸ்டம்புக்கு மேலே போகும் என்பதால் நடுவர்கள் எல்பி (பந்து காலில் பட்டதற்கான அவுட்) கொடுக்கவும் தயங்குவார்கள். கயிற்று மேட்டாக இருந்து, அடியில் மண் தளமாக இருந்தால் கதை மாறும். விரலால் பந்தை வெட்டிவிட்டுக் கட்டர் போடுகிறவனுக்கும் சுழற்பந்து வீச்சாளனுக்கும் பந்து நன்றாகப் பிடிக்கும்.

மேட்டை எப்படி இழுத்து ஆணி அடிக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். இறுக்கமாக இழுத்தால் எழும்பும், தொய்வாக விட்டால் தாழ்ந்து வரும். ஒரு முறை ஒரு முனையில் மட்டும் இரண்டு ஆணி கழன்று போய், பந்து வழக்கமாகக் குத்தும் குட் லெங்த்தில் விரற்கடை உயரத்துக்கு மடிப்பு விழுந்திருந்தது. மூன்று பேர் அவுட் ஆன பிறகுதான் ஒருவர் குனிந்து பார்த்தார். அந்த மூன்று பேரும் இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

“கேஎல்ல ஏன் எப்பப் பாத்தாலும் ஸ்கோர் கம்மியா இருக்கு? நம்மாளுங்களுக்கு அடிக்கத் தெரியலையா?”

அடிக்கத் தெரிந்தவர்களும் இங்கே திணறியிருக்கிறார்கள். 2006 செப்டம்பரில் இந்தியா, ஆஸ்திரேலியா, வெஸ்ட் இண்டீஸ் மூன்றும் கின்ராரா திடலில் ஒருநாள் தொடர் ஆடின. அதில் ஓர் ஆட்டத்தில் இந்தியா 162க்கு ஆல் அவுட். அது போதாதென்று வெஸ்ட் இண்டீஸ் 146க்கு ஆல் அவுட். இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியா 240 எடுத்தது, வெஸ்ட் இண்டீஸ் 113இல் சுருண்டது. 1998 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஸ்டீவ் வாவின் ஆஸ்திரேலியாவே 183தான் எடுத்தது. தென்னாப்பிரிக்கா 6 விக்கெட் இழந்து தாண்டித் தங்கம் வாங்கியது. 2018 மகளிர் ஆசியக் கோப்பை இறுதியில் இந்தியா 20 ஓவரில் 112. பங்களாதேஷ் அதைத் துரத்தி ஜெயிக்கக் கடைசிப் பந்து வரை போக வேண்டியிருந்தது.

காரணம் இரண்டு. மழை அடிக்கடி பெய்வதால் பிட்ச் முழுசாகக் காய்ந்து இறுக நாள் கிடைப்பதில்லை, பந்து வேகமிழந்து வருகிறது. இரண்டாவது புல். நம் திடல்களில் நிறைய இடத்தில் இருப்பது அகல இலை உள்ள கௌ கிராஸ். மிதித்தால் மெத்தை மாதிரி இருக்கும். மிதிபட்டாலும் தாங்கும், நிழலிலும் வளரும், பராமரிக்கச் செலவு குறைவு. ஆனால் பந்தைப் பிடித்துக்கொள்ளும். வேறு ஊரில் நாலாகப் போகும் அடி இங்கே இரண்டு. ஓர் இன்னிங்ஸில் அப்படிப் பத்து அடி இருந்தால் 20 ஓட்டம் போச்சு.

அதற்காக இங்கே அடிக்கவே முடியாது என்று சொல்லவில்லை. அதே 2006 தொடரில் டெண்டுல்கர் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 141 எடுத்து அவுட்டாகாமல் நின்றார், இந்தியா 309. அந்த ஆட்டத்தில் தோற்றது இந்தியாதான். அந்தக் கதை மழைக் கேள்வியில் வருகிறது.

“டாஸ் ஜெயிச்சா என்ன எடுக்கிறது? ஒரே வார்த்தைல சொல்லுங்க.”

ஒரே வார்த்தையில் வேண்டுமானால், “ஃபீல்டிங்”. ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பித் தோற்றால் என்னிடம் வராதீர்கள்.

நம் வானம் ஓரளவுக்கு நேரம் பார்த்து வேலை செய்யும். காலையில் பளிச்சென்று இருக்கும், மத்தியானம் புழுக்கம் ஏறும், மூன்றிலிருந்து ஆறு மணிக்குள் இடியோடு கொட்டும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இது கிட்டத்தட்ட அலுவலக நேரம் மாதிரி. ஜூன், ஜூலையில் கொஞ்சம் தளர்வு. ஆக, காலை ஒன்பதரைக்குத் தொடங்கும் நீண்ட ஆட்டத்தில் இரண்டாவதாக ஆடும் அணிக்குத்தான் மழை குறுக்கே வரும். எவ்வளவு எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஆடுவது எப்போதும் ஒரு படி மேல். அதனால்தான் ஃபீல்டிங் என்றேன். காலையில் பிட்ச்சில் ஈரம் இருந்தால் அதுவும் பந்து வீசுகிறவன் பக்கம்.

மாற்றி யோசிக்க வேண்டிய நாளும் உண்டு. முதல் நாள் இரவு மழை இல்லை, மேட் காய்ந்திருக்கிறது, 20 ஓவர் ஆட்டம், மதியத்துக்குள் முடிந்துவிடும் என்றால் தாராளமாக முதலில் அடியுங்கள். 20 ஓவர் வெயிலில் ஃபீல்டிங் செய்துவிட்டு வந்து அடிப்பவனின் கால் அசையாது. எதிரணி அந்தக் கால்களோடு வரட்டும்.

“மழை வந்தா போடுற கணக்கு யாருக்குச் சாதகம்? எப்பவும் ரெண்டாவது ஆடுறவனுக்குத்தானே?”

இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவழித்திருக்கிறேன், நிதானமாகப் படியுங்கள். டக்வொர்த்-லூயிஸ் முறை, இப்போது ஸ்டெர்ன் பெயரும் சேர்ந்துகொண்ட அந்த முறை, ஓர் அணியிடம் இரண்டு சொத்து இருப்பதாகப் பார்க்கிறது: மீதி ஓவர், மீதி விக்கெட். பத்து விக்கெட்டும் கையில் இருக்கும்போது ஓவரை மட்டும் பாதியாக்கினால் அந்த அணி தைரியமாக வீசி அடிக்கலாம். அதனால் இலக்கைச் சரிபாதியாகக் குறைக்க மாட்டார்கள், கூடுதலாகவே வைப்பார்கள். 1997 இறுதி ஆட்டத்தில் கென்யா 50 ஓவரில் 241, ஓவருக்கு 4.82. மழையால் ஆட்டம் மறுநாளுக்குப் போனது. பங்களாதேஷுக்குக் கிடைத்த இலக்கு 25 ஓவரில் 166, ஓவருக்கு 6.64. கடைசிப் பந்தில்தான் எட்டினார்கள். 2008இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதி, கின்ராரா திடல், விராட் கோலி கேப்டன். இந்தியா 159க்கு ஆல் அவுட், எல்லோரும் முடிந்தது என்றே நினைத்தார்கள். மழை வந்தது, தென்னாப்பிரிக்காவுக்கு 25 ஓவரில் 116 என்று மாறியது. 103க்கு 8 விக்கெட், 12 ஓட்டத்தில் இந்தியா ஜெயித்தது. ஆக, துரத்தல் தொடங்கும் முன்பும் தொடக்கத்திலும் வரும் மழை துரத்துகிறவனுக்கு அவ்வளவு நல்லதல்ல.

துரத்தலின் நடுவில் வந்து ஆட்டத்தையே முடித்துவிடும் மழை வேறு ரகம். டெண்டுல்கர் 141 எடுத்த அந்த நாளில் வெஸ்ட் இண்டீஸ் 20 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 141 இருந்தபோது மழை. சராசரி பார்த்தால் 309க்கு 20 ஓவரில் 124 தேவை. ஆனால் எட்டு விக்கெட் கையில் இருந்ததால் கணக்குப்படி 112தான் சமநிலை. 29 ஓட்ட வித்தியாசத்தில் வெஸ்ட் இண்டீஸ் வெற்றி. இரண்டுக்குப் பதில் ஐந்து விக்கெட் விழுந்திருந்தால் அதே 141க்கு மதிப்பு குறைந்திருக்கும். மேகம் கறுக்கிறது என்றால் விக்கெட்டைக் காத்துக்கொண்டே ஓவருக்கு ஓவர் சமநிலை எண்ணுக்கு ஒரு படி மேலே நில்லுங்கள். அந்த எண்ணை என்னிடம் வந்து கேட்கலாம், நான் அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: வார இறுதி லீக்குகள் சிலவற்றில் இந்த முறையே கிடையாது, வெறும் சராசரிக் கணக்குதான். உங்கள் லீக்கில் எது என்று டாஸுக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

“அப்போ மழை வரப்போகுதுன்னா பௌலிங் டீம் என்ன பண்ணும்? வேணும்னே இழுத்தடிப்பாங்களா?”

சிலர் இழுப்பார்கள். ஷூ லேஸ் அவிழும், தொப்பி பறக்கும், ஃபீல்டரை மூன்று முறை மாற்றுவார்கள். முடிவு சொல்ல ஒருநாள் ஆட்டத்தில் இரண்டாவது அணிக்குக் குறைந்தது 20 ஓவர், டி20யில் 5 ஓவர் ஆகியிருக்க வேண்டும். அதற்குள் மழை வந்தால் ஆட்டமே இல்லை. தோற்கப் போகிற அணிக்கு இழுக்க ஆசை, ஜெயிக்கப் போகிற அணிக்கு ஓட ஆசை.

அதே 2006 தொடரில் ஆஸ்திரேலியாவைத் துரத்திய இந்தியா 8 ஓவரில் 35க்கு 5 விக்கெட் என்று மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. மிட்செல் ஜான்சன் 11 ஓட்டம் கொடுத்து 4 விக்கெட் எடுத்திருந்தார். மழை வந்தது, முடிவில்லாமல் போனது. ஆஸ்திரேலியா என்ன செய்ய முடியும்? இன்னும் 12 ஓவர் வீசியிருக்க வேண்டும். நம் லீக்கில் இந்த நிலை வந்தால் சுழற்பந்து வீச்சாளர்களை இரண்டு முனையிலும் போட்டு ஓவர்களை வேகமாக முடிப்பதுதான் வழி. வேகப்பந்து வீச்சாளன் திரும்பி நடந்து போவதற்குள் மேகம் தலைக்கு மேல் வந்துவிடும்.

“மழை நின்னு வெயிலே அடிக்குது. இன்னும் ஏன் ஆட விடமாட்டேங்கிறீங்க?”

நடுவராக நிற்கும் நாளில் அதிகம் திட்டு வாங்குவது இதற்குத்தான். புல்லும் பந்தும் ஈரமாக இருப்பது மட்டுமே ஆட்டத்தை நிறுத்தக் காரணமாகாது என்று விதியிலேயே இருக்கிறது. ஆபத்து இருந்தால்தான் நிறுத்த வேண்டும். நான் பார்ப்பது மூன்று இடம்: வேகப்பந்து வீச்சாளன் ஓடி வரும் தடம், அவன் கால் ஊன்றும் இடம், பேட்ஸ்மேன்கள் ஓடும் ஓரம். அங்கே குதிகாலை அழுத்தித் திருப்பினால் சேறு பிதுங்குகிறது என்றால் ஆட்டம் இல்லை. மரத்தூள் கொட்டலாம், ஸ்பஞ்சால் ஒற்றலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

இடி விஷயத்தில் நான் பேச்சுக்கே இடம் கொடுப்பதில்லை. கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் ஆகாமல் திடலில் கால் வைக்க முடியாது. நடுத்திடலில் நிற்கும் 13 ஆட்டக்காரரும் இரண்டு நடுவரும்தான் சுற்று வட்டாரத்தில் உயரமான பொருள்.

“ஸ்பின்னரா, ஃபாஸ்டா? பதினொரு பேர்ல யாரை எடுக்கிறது?”

மேலே சொன்ன மெதுவான பிட்ச்சை நினைத்துக்கொண்டால் பாதி பதில் உங்களுக்கே தெரியும். 2025இல் இங்கே நடந்த 19 வயதுக்குட்பட்ட மகளிர் டி20 உலகக் கோப்பையில் இந்தியா மூன்று இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர்களோடு ஆடியது. ஒரே மாதிரி மூன்று பேரா என்று நானும் நினைத்தேன். வைஷ்ணவி சர்மா 17, ஆயுஷி சுக்லா 14, பருணிகா சிசோடியா 10 விக்கெட். வைஷ்ணவி தன் முதல் ஆட்டத்திலேயே நம் மலேசிய அணிக்கு எதிராக ஹாட்ரிக்கோடு 5 ஓட்டத்துக்கு 5 விக்கெட் எடுத்தார். பாயுமாஸ் திடலில் நடந்த இறுதியில் தென்னாப்பிரிக்கா 82க்கு ஆல் அவுட். விக்கெட் கீப்பர் கமலினி நம்ம மதுரைப் பொண்ணு என்பதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

அதற்காக வேகப்பந்து வீச்சாளர்களை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பிட்ச் தாழ்ந்து வந்தால் ஸ்டம்பைக் குறிபார்த்து பேட்ஸ்மேனுக்கு அருகில் குத்தும்படி போடுகிறவன் ஆபத்தானவன். 2023 ஜூலையில் அதே பாயுமாஸில் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக 8 ஓட்டம் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். ஆடவர் டி20 சர்வதேச ஆட்டத்தில் யாரும் அதுவரை 7 எடுத்ததில்லை. ஏழுமே போல்டு. எதிரணி பலமில்லாதது என்பது உண்மைதான். ஆனாலும் ஏழு பேரும் போல்டு ஆகிறார்கள் என்றால் அவர் எங்கே போட்டார் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். நம் பையன்களோ டிவி பார்த்துவிட்டு இந்தப் பிட்ச்சில் பவுன்சர் போடுகிறார்கள். அது பேட்ஸ்மேனின் இடுப்புக்கு வந்து, “அடி” என்று சொல்லி நிற்கிறது. மேட்டில் மட்டும் இது பொருந்தாது. அங்கே எழும்பும் என்று முன்பே சொன்னேன்.

“நம்ம ஊரு ஈரக்காத்துல பந்து நல்லா ஸ்விங் ஆகும்னு கோச் சொல்றாரே?”

பந்து காற்றிலேயே வளைவதுதான் ஸ்விங். எல்லா கோச்சும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் ஈரக்காற்று கனமானது என்ற எண்ணமே தவறு. நீராவி கலந்த காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது. காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தவர்களுக்கும் ஈரப்பதத்தால் ஸ்விங் கூடுகிறது என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. தையல் நேராக நிற்பதும், ஒரு பக்கம் பளபளப்பாக இருப்பதும், காற்று கொந்தளிக்காமல் இருப்பதும்தான் முக்கியம்.

பிறகு ஏன் காலையில் ஸ்விங் ஆகிறது? புதுப் பந்து, வெயில் ஏறாததால் தரையிலிருந்து கிளம்பும் அனல் இல்லை, மெத்தைப் புல்லில் உருளுவதால் பளபளப்பு சீக்கிரம் தேய்வதில்லை. பளபளப்பைக் காக்க எச்சில் தடவ 2022லிருந்து விதிப்படி தடை. வியர்வைக்கு நமக்குப் பஞ்சமில்லை. அதையும் அளவாகத் தடவுங்கள். ஊறிப்போன பந்து உருளைக்கிழங்கு மாதிரி ஆகிவிடும்.

“ரிவர்ஸ் ஸ்விங் ஏன் நமக்கு வரவே மாட்டேங்குது?”

பழைய பந்து வழக்கத்துக்கு எதிர்த் திசையில் வளைவதுதான் ரிவர்ஸ் ஸ்விங். அதற்குப் பந்தின் ஒரு பக்கம் நன்றாகச் சொரசொரப்பாக வேண்டும். கரடுமுரடான காய்ந்த தரையில்தான் அது நடக்கும். நம் புல்லைப் பற்றி மேலே சொன்னதைப் படியுங்கள். சிமெண்ட் மேல் மெல்லிய மேட் இருக்கும் திடலில் பந்து சீக்கிரம் பிய்யும், ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்து பிய்யும்.

“ராத்திரி மேட்ச்ல பனி விழுந்தா?”

சுழற்பந்து வீச்சாளனின் விரல் வழுக்கும், பந்து சறுக்கிக்கொண்டு மட்டைக்கு வரும். ஃபீல்டிங் அணியின் இடுப்பில் துண்டு தொங்கும். 2023 உலகக் கோப்பையில் சேப்பாக்கத்தில் இந்தியா, ஆஸ்திரேலியா ஆட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். பிற்பகலில் ஜடேஜா 28 ஓட்டத்துக்கு 3 விக்கெட் எடுக்க ஆஸ்திரேலியா 199. இரவில் இந்தியா 2 ஓட்டத்துக்கு 3 விக்கெட் இழந்தும் கோலி 85, ராகுல் ஆட்டமிழக்காமல் 97 என்று கரை சேர்ந்தார்கள். பிற்பகலில் திரும்பிய அளவுக்கு இரவில் திரும்பவில்லை.

இங்கே விளக்கு வெளிச்சத்தில் ஆடும் நாட்களில் பனியைவிட, சாயங்கால மழை விட்டுச் சென்ற ஈரம்தான் தொல்லை. விளைவு ஒன்றுதான். சுழற்பந்து வீச்சாளனின் ஓவர்களைக் கடைசிக்கு மிச்சம் வைக்காதீர்கள், முதல் பத்து ஓவருக்குள் கொடுத்துவிடுங்கள்.

“சென்னைல லீக் ஆடுன பையன், இங்க வந்து இருபதைத் தாண்ட மாட்டேங்கிறான். என்னங்க காரணம்?”

வேலைக்கு வந்த இளைஞர்கள் நம் அணிகளில் நிறையச் சேர்கிறார்கள், அதனால் இந்தக் கேள்வி கூடிக்கொண்டே போகிறது. சேப்பாக்கத்திலேயே செம்மண் பிட்ச்சும் உண்டு, கரிசல் மண் பிட்ச்சும் உண்டு. செம்மண்ணில் பந்து எழும்பும். காயக் காயப் பெயர்ந்து திரும்பும். கரிசல் ஈரத்தைப் பிடித்து வைத்து மெதுவாகத் தாழ்ந்து வரும். அவன் எதில் பழகியிருந்தாலும் அங்கே அவுட்ஃபீல்டு வெயிலில் காய்ந்து கிடக்கும், இடைவெளியில் தட்டினாலே நாலு. இங்கே அதே தட்டலுக்கு ஒன்று. பொறுமை இழந்து தூக்கி அடிக்கிறான், பந்து நின்று வந்ததால் மட்டை முன்னே போய்விடுகிறது, மிட்-ஆனில் கேட்ச்.

அவனுக்கு நான் சொன்னது: பந்து மட்டைக்கு வரும்வரை காத்திரு, நாலை மறந்து இரண்டு ஓடு. வேகமாக ஓடும் இரண்டு பேர் இந்தத் திடல்களில் ஒரு சிக்ஸர் மன்னனைவிட மதிப்புள்ளவர்கள்.

“சொந்தத் திடல்னா பிட்ச்ச தங்களுக்கு ஏத்த மாதிரி பண்ணிக்கிறாங்களே, அது ஏமாத்து இல்லையா?”

ஆட்டம் தொடங்கும் முன் புல்லை எவ்வளவு வெட்டுவது, எத்தனை முறை ரோலர் ஓட்டுவது என்பதெல்லாம் திடல் பொறுப்பாளர் கையில். அவர் தன் அணியின் சுழற்பந்து வீச்சாளரை மனதில் வைத்து ரோலரைக் குறைத்தால் எனக்கு அதில் கோபம் இல்லை. உலகம் முழுக்க அப்படித்தான். ஆட்டம் தொடங்கிய பிறகு கை வைப்பதுதான் குற்றம். இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்கும் முன் அடிக்கப் போகிற கேப்டன் கேட்டால் ஏழு நிமிடத்துக்கு மேல் போகாமல் ரோலர் ஓட்டலாம். இந்த உரிமை இருப்பதே பாதி கேப்டன்களுக்குத் தெரியாது. ஆட்டத்தின் நடுவே பிட்ச்சுக்குத் தண்ணீர் விடக் கூடாது.

ஒரு கசப்பான அனுபவம். இடைவேளையில் தூறல் வந்தபோது ஒரு முனையில் மட்டும் பிட்ச்சை மூடும் கவரை அரைகுறையாகப் போட்டார்கள். எந்த அணி, எந்தத் திடல் என்று எழுதப் போவதில்லை. விருந்தாளி அணி அடிக்க வந்தபோது அந்த முனையில் பந்து சேற்றில் குத்தியது போல நின்றது. நிரூபிக்க வழியில்லை. அன்றிலிருந்து கவர் போடும்போது இரண்டு அணியிலிருந்தும் ஆள் நிற்க வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தேன்.

“காலைல ஒரு மேட்ச், மத்தியானம் அதே பிட்ச்ல இன்னொண்ணு. ரெண்டாவது மேட்ச் டீமுக்கு அநியாயம்தானே?”

மேட் என்றால் பெரிய வித்தியாசம் இல்லை, ஆணிகளை மட்டும் திரும்பத் தட்டச் சொல்லுங்கள். புல் பிட்ச்சில் வித்தியாசம் உண்டு. காலை ஆட்டத்தின் வேகப்பந்து வீச்சாளர்கள் கால் ஊன்றிய இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். இடக்கை வேகப்பந்து வீச்சாளன் ஒருவன் காலையில் நீண்ட நேரம் வீசியிருந்தால் அந்தப் பள்ளம் வலக்கை ஆட்டக்காரனின் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே இருக்கும். மத்தியான ஆட்டத்தின் ஆஃப் ஸ்பின்னருக்கு அது புதையல். அதனால் மத்தியானம் ஆடும் கேப்டன் காலையிலேயே வந்து, யார் எந்த முனையிலிருந்து வீசினார்கள் என்று பார்த்து வைக்க வேண்டும். யாரும் வருவதில்லை, மேகி கோரெங் சாப்பிட்டு முடித்துவிட்டு டாஸுக்கு ஐந்து நிமிடம் முன்புதான் வருகிறார்கள்.

“புகைமூட்டம் இருந்தா ஆடலாமா?”

காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆரோக்கியக் கேடு என்ற பிரிவு. அதற்கு மேல் போன நாளில் பிள்ளைகள் ஆட்டத்தை நான் நடத்த மாட்டேன். பெரியவர்கள் தங்கள் நுரையீரலுக்குத் தாங்களே கேப்டன்.

“பலமில்லாத டீமுக்கு மழை நல்லதுன்னு சொல்றாங்களே, நெசமா?”

நிஜம்தான். ஆட்டம் எவ்வளவு சுருங்குகிறதோ, அவ்வளவு அதிர்ஷ்டத்துக்கு இடம். 50 ஓவர் ஆட்டத்தில் திறமைசாலி ஒரு தவறைச் சரிசெய்ய நேரம் இருக்கிறது. பத்து ஓவர் ஆட்டத்தில் இரண்டு மோசமான ஓவர் போதும், கதை முடிந்தது. 2025 ஜனவரியில் அதே 19 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில், சரவாக்கின் கூச்சிங்கில் ஈரத் திடலால் ஆட்டத்தை 13 ஓவராகக் குறைத்தார்கள். நைஜீரியப் பெண்கள் 65 எடுத்தார்கள், நியூசிலாந்து 63இல் நின்றது. இரண்டு ஓட்ட வெற்றி. நைஜீரியாவின் ஃபீல்டிங்கையும் நெஞ்சுரத்தையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 20 ஓவரும் நடந்திருந்தால் நியூசிலாந்துக்கு மூச்சுவிட இன்னும் ஏழு ஓவர் இருந்திருக்கும்.

ஆகவே நீங்கள் பலமான அணி என்றால் திடலைக் காயவைக்க நீங்கள்தான் முதலில் ஓட வேண்டும். நடைமுறையில் நடப்பது நேர்மாறு. பலமான அணி கூடாரத்தில் உட்கார்ந்திருக்கும், எப்படியாவது ஆட வேண்டும் என்று துடிக்கும் புது அணிதான் துடைத்துக்கொண்டிருக்கும்.

“கடைசியா ஒண்ணு. 120 எடுத்திருக்கோம், போதுமா போதாதா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

20 ஓவர் ஆட்டத்தில் பாதி இடைவேளையில் எல்லா கேப்டனும் கேட்பது. ஸ்கோர் புத்தகத்தில் ஓட்டத்தைப் பார்க்காதீர்கள், ஓட்டம் வந்த விதத்தைப் பாருங்கள். தரையோடு அடித்து எத்தனை நாலு வந்தது? இரண்டோ மூன்றோதான் என்றால் அவுட்ஃபீல்டு பந்தைப் பிடிக்கிறது, எதிரணிக்கும் அதே கதிதான், 120 நல்ல ஸ்கோர். எத்தனை பேர் மிட்-ஆன், மிட்-ஆஃப், கவரில் கேட்ச் கொடுத்தார்கள்? அதிகம் என்றால் பந்து நின்று வருகிறது, உங்கள் சுழற்பந்து வீச்சாளர்களை நம்புங்கள். பிறகு காலையிலிருந்து மாறியது என்ன என்று யோசியுங்கள். வெயிலில் புல் காய்ந்திருந்தால் இருபது ஓட்டம் கழித்துக்கொள்ளுங்கள். மேகம் வந்தால் முன்பு சொன்ன கணக்கை எடுங்கள்.

என் புத்தகத்தின் ஓரத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு வரி எழுதி வைப்பேன். போன மாதத்து ஞாயிறு ஒன்று இப்படி இருக்கிறது: “8.40. சாக்கடைப் பக்கம் பந்து பத்தடியில் நின்றது. மேட் இறுக்கம். கிழக்கே வெள்ளை மேகம். முதலில் ஆடிய அணி 108, எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். 1.15க்குக் கறுப்பு. 1.50க்கு முதல் துளி. துரத்தியவர்கள் 14 ஓவரில் 71க்கு 6. சமநிலைக்குக் கீழே. 108 ஜெயித்தது. என் குடை காரில்.”